மறுமொழி: 08 சாசனம் – ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கலாமா?

08 சாசனம், சீனாவில் ஜனநாயகமும் மனித உரிமையும் கோரி 2008இல் சீன மொழியில் வெளியான அறிக்கை. அதை ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து தமிழாக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஆங்கிலத்தைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தின் சொல்லாட்டம் அதில் கரைந்துவிடும். நீங்கள் “ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிறது” என்று கேட்ட வரியையே பாருங்கள். சீனத்தில் அது இப்படி: ஃபாலூ உண்டு, ஃபாஜி இல்லை. சியன்ஃபா உண்டு, சியன்ஜெங் இல்லை. அதாவது, “சட்டம் உண்டு, சட்டத்தின் ஆட்சி இல்லை; அரசியலமைப்பு உண்டு, அதற்குக் கட்டுப்பட்ட ஆட்சி இல்லை.” நான்குக்கும் நான்கு தனிச்சொல் முடிவுசெய்து, கடைசிவரை மாற்றாதீர்கள்.

‘கோங்ஹே’ என்ற சீனச் சொல்தான் உண்மையான தலைவலி. குடியரசு என்று போட்டால் பொருள் சரி. ஆனால் சாசனம் அச்சொல்லை இரண்டாகப் பிரித்து, ‘எல்லாரும் சேர்ந்து ஆள்வது, அமைதியாகச் சேர்ந்து வாழ்வது’ என விளக்குகிறது. இங்கே அடிக்குறிப்பு கட்டாயம்.

பதிவில் தேதிகளைக் குழப்பாதீர்கள். ஆவணத்தின் தேதி 2008 டிசம்பர் 10, ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் 60ஆம் ஆண்டு நிறைவு நாள். சாசனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான எழுத்தாளர் லியு சியாவ்போ பிடிபட்டது டிசம்பர் 8. முதல் கையொப்பங்கள் 303. பிறகு சேர்ந்தவை தனி, ஒரே எண்ணாகக் கூட்ட வேண்டாம். கோரிக்கைகள் 19, மூல எண்வரிசையிலேயே விடுங்கள். எந்தப் பிரதி, என்று எடுத்தது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். சீனத்தின் எளிமையாக்கப்பட்ட எழுத்தில் உள்ள பிரதியை மென்பொருளால் பழைய மரபெழுத்தாக்கியிருந்தால் சில எழுத்துகள் தவறாக மாறியிருக்கலாம். அதை மூலமாகக் கொள்ளாதீர்கள்.