கொள்கையா, கோட்பாடா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: கொள்கை, கோட்பாடு இரண்டும் ஒன்றுதானே?

ப: வேர் ஒன்று, வேலை வேறு. 'கொள்' என்பதுதான் இரண்டுக்கும் தாய். அது நீண்டு 'கோள்' ஆகி, 'பாடு' சேர்ந்தால் கோட்பாடு. ஒருவர் பற்றிக்கொண்டு நடப்பது கொள்கை. ஒன்றை விளக்க வகுத்து வைப்பது கோட்பாடு. வரதட்சணை வாங்கமாட்டேன் என்பது கொள்கை. ஐன்ஸ்டைன் தந்தது கோட்பாடு. சொல்லைத் தனியாகப் பார்க்காதீர்கள், வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்.

கே: 'கோற்பாடு' என்றும் எழுதலாமா?

ப: கூடாது. ளகரம் இங்கே டகரமாகும். அகராதியைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்வது?

கே: 'கொள்கை பரப்புச் செயலாளர்' – நடுவில் 'ப்' வேண்டாமா?

ப: வேண்டாம். கொள்கையைப் பரப்புவது, 'ஐ' மறைந்து நிற்கும் இரண்டாம் வேற்றுமைத் தொகை. அங்கே ஒற்று மிகாது. 'கொள்கைப் பிடிப்பு' என்பதில் மிகும், அது கொள்கையில் பிடிப்பு. விரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கே: எங்கள் கடையின் 'ரிட்டர்ன் பாலிசி'யைத் 'திருப்பியளிப்புக் கொள்கை' என்று போட்டிருக்கிறோம். சரிதானே?

ப: சரியில்லை. போன மாதம் ஒரு கடையில் சட்டை எடுத்தேன். பில்லின் அடியில் 'எங்கள் கொள்கை: விற்ற துணி திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருந்தார்கள். முன்பெல்லாம் இதே வரி தலைப்பில்லாமல் நிற்கும், எல்லாருக்கும் புரியும். பழைய பாடல்களில் இந்தச் சொல் எப்படி நிற்கிறது பாருங்கள். நரை ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்குச் சங்கப் புலவர் பிசிராந்தையார் கடைசியாகச் சொன்ன காரணம், 'ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர் பலர்' தன் ஊரில் வாழ்கிறார்கள் என்பது (புறம் 191). 'ஏந்திய கொள்கையார்' சீறினால் வேந்தனும் கெடுவான் என்கிறது குறள் (899). அங்கெல்லாம் கொள்கை என்றால் ஒருவர் வாழும் முறையே. ரசீதோடு ஒரு வாரத்தில் வந்தால் மாற்றித் தருவோம் என்பதற்கு அந்தச் சொல்லை இழுக்கலாமா? மனசு கேட்கவில்லை. சட்டப்பேரவையில் துறைகள் வைக்கும் 'கொள்கை விளக்கக் குறிப்பு' பொருந்துகிறது. அரசு எந்த வழியில் போகும் என்று அது சொல்கிறது. கடைக்கும் செயலிக்கும் 'விதிமுறை' போதும். பாலிசி என்று கண்டதும் கொள்கை என்று போடுகிறவர்கள் இன்சூரன்ஸ் பாலிசியைக் கூட விடவில்லை, 'காப்பீட்டுக் கொள்கை' என்று எழுதுகிறார்கள். அது பத்திரம் ஐயா! திரும்பவும் சொல்கிறேன், வாக்கியத்தைப் பாருங்கள்.

கே: விழுமியம் புதிதாகக் கட்டிய சொல்லா?

ப: 'வேல்யூ' என்ற இன்றைய பொருள் புதிது, வேர் பழசு. 'ஒழுக்கம் விழுப்பம் தரலான்' (குறள் 131) நினைவிருக்கும், அங்கே விழுப்பம் என்றால் சிறப்பு. ஆனால் 'விழுமம்' என்று சுருக்கிவிடாதீர்கள். அதற்குத் துன்பம் என்றும் பொருள் உண்டு. 'விழுமம் துடைத்தவர் நட்பு' (107) என்றால் துன்பத்தைத் துடைத்தவர் நட்பு.

கே: லட்சியத்தின் எதிர்ச்சொல்லா அலட்சியம்?

ப: பிறப்பில் ஆம். குறி என்பதோடு கவனம் என்றும் லட்சியத்துக்குப் பொருள் உண்டு. 'அவன் என்னை லட்சியமே பண்ணவில்லை' என்கிறோமே, அதுதான்.

கே: கட்சிக்குச் சித்தாந்தம் என்று சொல்லலாமா?

ப: வழக்கில் வந்துவிட்டது, தடுக்க முடியாது. மெய்கண்ட சாத்திரங்கள் 14-ஐயும் படிப்பவர்களுக்குச் சித்தாந்தம் என்றால் சைவம்தான் முதலில் தோன்றும். கருத்தியல் என்று எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை.

'பிரின்சிபிள் என்பதற்குத் தமிழ் என்ன' என்று ஒரே வரியில் கேட்டவருக்கு: எந்த வாக்கியத்தில் வருகிறது? அதை அனுப்புங்கள், அடுத்த முறை சொல்கிறேன்.