அல்வாவும் வெடிமருந்தும் திரையில் ஒரே நிறம்

விமானப் பாதுகாப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கைப்பையில் இரண்டு கிலோ அல்வா வைத்திருந்தேன். எக்ஸ்ரேயில் போனதும் பையை ஒதுக்கி, டப்பாவைத் திறந்து பார்த்து, ஒரு துணித்துண்டால் துடைத்துவிட்டு அனுப்பினார்கள். அல்வாவில் என்ன சந்தேகம்?
— வாசகி, திருநெல்வேலி

அல்வா மீது தப்பில்லை. எக்ஸ்ரேயின் கண் அப்படி. விமான நிலைய எக்ஸ்ரே ஒரே பையை இரண்டு விதமான ஆற்றலில் படம் பிடிக்கிறது. இரண்டிலும் கதிர் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று ஒப்பிட்டு, உள்ளே இருப்பது எந்த வகைப் பொருள் என்று ஊகித்து நிறம் பூசுகிறது. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற லேசான தனிமங்களால் ஆனவை ஆரஞ்சு. இரும்பு, செம்பு வகையறா நீலம். இரண்டுக்கும் நடுவில் வருவது பச்சை. சர்க்கரை, நெய், மாவு, சோப்பு, புத்தகம், சீஸ் எல்லாமே ஆரஞ்சுதான். வெடிமருந்தும் ஆரஞ்சு. அதுவும் இரண்டு கிலோ அல்வா என்பது ஒரே சீரான, கனமான, கட்டியான ஆரஞ்சு. திரைக்கு முன்னால் இருப்பவருக்கு அதன் இனிப்பு தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. கனமான கட்டி தனக்குப் பின்னால் இருப்பதை மறைத்துவிடும். மறைந்த இடத்தைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்பது அவர்களுடைய விதி. அடுத்த முறை இனிப்புப் பெட்டியைப் பையின் மேலாக வையுங்கள், வரிசையில் நிற்கும்போதே எடுத்துத் தனித் தட்டில் போடுங்கள். சார்ஜர் ஒயர்களை அதன் மேல் சுருட்டி வைக்காதீர்கள். பாதி சோதனை அங்கேயே முடிந்துவிடும்.

‘பிளாஸ்டிக் வெடிகுண்டு’ என்றால் பிளாஸ்டிக்கில் செய்ததா?
— வாசகர், தஞ்சாவூர்

இல்லை. பிசைந்தால் வளையும், அழுத்திய வடிவத்தில் நிற்கும் என்பதுதான் இங்கே ‘பிளாஸ்டிக்’கின் பொருள். சப்பாத்தி மாவு மாதிரி. ஆர்.டி.எக்ஸ்., பி.ஈ.டி.என். போன்ற வெடிமருந்தை எண்ணெய், ரப்பர் மாதிரியான பசையோடு சேர்த்து ராணுவத்துக்காகவும் கட்டடம் இடிக்கும் வேலைக்காகவும் ஆலைகளில் செய்வது. பேர்போனது செம்டெக்ஸ். செக்கோஸ்லோவாக்கியாவில் செம்டின் என்ற ஊரில் பிறந்ததால் அந்தப் பெயர். 1990-இல் லண்டன் போன செக்கோஸ்லோவாக்கிய அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெல், முந்தைய கம்யூனிஸ்ட் ஆட்சி லிபியாவுக்கு மட்டும் 1,000 டன் விற்றிருக்கிறது என்று சொன்னார்.

விமானத் துறை இதைக் கண்டு நடுங்கியதற்குக் காரணம், அன்றைய சோதனையெல்லாம் கடத்தல்காரனின் துப்பாக்கியைத் தேடுவதற்காக அமைந்தது என்பதே. உலோகம் தேடும் வாசலுக்கு இந்த மருந்து தெரியாது. அதோடு இதற்கு வாசனையும் கிட்டத்தட்ட இல்லை. ஆர்.டி.எக்ஸ். அறை வெப்பத்தில் மிக மிக மெதுவாகத்தான் ஆவியாகும். காற்றை உறிஞ்சி மோப்பம் பிடிக்கும் கருவிக்குப் பிடிபட எதுவும் மிதந்து வராது.

இதற்கு உலகம் கண்ட வழி எளிமையானது: வாசனை இல்லையென்றால், செய்யும் இடத்திலேயே சேர்த்துவிடு! 1991 மார்ச் 1 அன்று மான்ட்ரியலில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, பிளாஸ்டிக் வெடிமருந்து தயாரிக்கும் ஆலைகள், எளிதில் ஆவியாகும் நான்கு ரசாயனங்களில் ஒன்றைக் கட்டாயம் கலக்க வேண்டும். பெரும்பாலும் கலப்பது டி.எம்.என்.பி. என்ற ஒன்று. சமையல் வாயுவுக்கு வாடை சேர்க்கிறார்களே, அதே யோசனைதான். ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 1998 ஜூனில். அடையாளம் சேர்க்காத பழைய சரக்கை அழிக்க ராணுவத்துக்கும் போலீசுக்கும் 15 ஆண்டு, மற்றவர்களுக்கு 3 ஆண்டு தவணை. ஓட்டை எங்கே என்றால், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆலையைத்தான் இது கட்டுப்படுத்தும். ஏற்கெனவே கைமாறிப்போன சரக்குக்கு வாடை சேர்க்க யாராலும் முடியாது.

லாக்கர்பி விமானத்தில் ஆள் இல்லாத பெட்டி எப்படி ஏறியது? இன்றைக்கு அது நடக்குமா?
— வாசகர், மதுரை

1988 டிசம்பர் 21. லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கிளம்பிய, பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 103 விமானம், 38-ஆவது நிமிடத்தில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே சிதறியது. விமானத்தில் 259 பேர், தரையில் 11 பேர், ஆக 270 பேர் இறந்தார்கள். ஒரு சூட்கேஸுக்குள் தோஷிபா ரேடியோ கேசட் பிளேயர், அதற்குள் செம்டெக்ஸ். 2001-இல் ஸ்காட்லாந்து நீதிபதிகள் ஏற்ற கணக்குப்படி, அந்தப் பெட்டி மால்டாவில் ஏறி, பிராங்க்பர்ட்டில் பான் ஆமுக்கு மாறி, ஹீத்ரோவில் பெரிய விமானத்துக்குள் போனது. கூட ஆள் யாரும் வரவில்லை. பிராங்க்பர்ட்டில் மற்ற நிறுவனங்களிடமிருந்து வரும் பெட்டிகளைப் பான் ஆம் எக்ஸ்ரேயில் விட்டதே தவிர, இந்தப் பெட்டிக்கான பயணி ஏறினாரா என்று ஒப்பிடவில்லை. எக்ஸ்ரே இருக்கிறதே என்ற தைரியம்.

இதில் மனதை அறுப்பது, இதே பாடம் மூன்றரை ஆண்டுக்கு முன்பே ஏர் இந்தியா ‘கனிஷ்கா’வில் கிடைத்திருந்தது என்பதுதான். 1985 ஜூன் மாதம் வான்கூவரில் ‘எம். சிங்’ என்ற பெயரில் வந்தவருக்கு டொரண்டோவுக்குப் பிறகு இடமே உறுதியாகவில்லை. ஆனாலும் பெட்டியை டெல்லி வரை அனுப்பச் சொல்லி வற்புறுத்தினார். கவுன்டரில் இருந்தவர் மறுத்துப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தார். ஆள் ஏறவில்லை, பெட்டி ஏறியது. டொரண்டோவில் அன்று எக்ஸ்ரே இயந்திரம் பழுது; கையில் பிடிக்கும் மோப்பக் கருவியை வைத்து ஒப்பேற்றினார்கள். ஜூன் 23 அன்று அயர்லாந்துக்கு அருகே கடலின் மேல் விமானம் வெடித்து 329 பேர் போனார்கள். அதே நாளில் டோக்கியோ நரிட்டாவில் இன்னொரு பெட்டி வெடித்து, சாமான் ஏற்றும் ஊழியர் இருவர் இறந்தார்கள்.

சென்னை வாசகர்களுக்கு மீனம்பாக்கம் நினைவிருக்கும். 1984 ஆகஸ்ட் 2 இரவு, கொழும்பு விமானத்தைக் குறிவைத்துக் கொடுத்த பெட்டிகள். பயணி ஏறவில்லை, பெட்டிகளும் ஏறவில்லை. ஆனால் அவை நிலையக் கட்டடத்துக்குள்ளேயே கிடந்து வெடித்ததில் 33 உயிர்கள் போயின. ஆளில்லாத பெட்டியை இறக்கினால் மட்டும் போதாது, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதற்கும் ஓர் ஏற்பாடு வேண்டும் என்று காட்டியது அது. இன்று அதற்கென்று தனி இடமும், வெடிகுண்டு நிபுணர் குழுவும், சுற்றியிருப்பவர்களை வெளியேற்றும் வரிசைமுறையும் உண்டு.

இனி, இன்றைய நடைமுறை. உங்கள் பெட்டியில் ஒட்டும் சீட்டில் 10 இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் பெட்டியின் வகை, அடுத்த மூன்று விமான நிறுவனம் (ஏர் இந்தியா 098, எமிரேட்ஸ் 176, ஸ்ரீலங்கன் 603), கடைசி ஆறும் வரிசை எண். அந்த எண் உங்கள் பெயரோடும் இருக்கையோடும் கணினியில் கட்டப்படுகிறது. கீழே ஏற்றுபவர் ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேன் செய்யும்போது, எந்தக் கன்டெய்னரில் எத்தனையாவது பெட்டி என்பது பதிவாகும். கேட் மூடும் நேரத்தில் நீங்கள் வரவில்லையென்றால் கணினி உங்கள் எண்ணைத் தனியே காட்டும். அந்தக் கன்டெய்னரை மட்டும் இறக்கிப் பெட்டியை எடுப்பார்கள். கன்டெய்னர் இல்லாமல் வயிற்றுப் பகுதியில் அடுக்கும் சிறிய விமானத்தில்தான் பாடு. உங்கள் பெட்டி முதலில் ஏறியதென்றால் மேலே அடுக்கியதெல்லாம் வெளியே வர வேண்டும். “ஒரு பயணியின் பெட்டியை இறக்குவதால் தாமதம்” என்று அறிவிப்பு வந்தால் பல்லைக் கடிக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு. நிறுவனமே தவறவிட்ட பெட்டி மறுநாள் ஆளில்லாமல் வரும். அதற்குக் கூடுதல் சோதனை உண்டு. மேலும், எந்த விமானத்தில் போகும் என்று அந்தப் பயணி தீர்மானிக்க முடியாது என்பதுதான் அதை அனுமதிக்கும் நியாயம்.

அப்பாவின் பையைத் துடைத்த துணியை இயந்திரத்தில் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. பயந்துவிட்டார். ஏன் அப்படி?
— வாசகி, கோயம்புத்தூர்

அவர் இதய நோயாளியா? நைட்ரோகிளிசரின் மாத்திரை ஒரு காரணமாக இருக்கலாம். அது மருந்து, அதேநேரம் வெடிமருந்தும்கூட. இயந்திரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. தோட்டத்தில் உரம் தொட்ட கை, பட்டாசு வெடித்த சட்டை, கிளிசரின் கலந்த கை க்ரீம் இவையும் சில சமயம் கிளப்பிவிடும்.

துணியில் ஒட்டிய துகளை இயந்திரம் சூடாக்கி ஆவியாக்கும். மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து ஒரு குழாய்க்குள் ஓடவிடும். சின்னது வேகமாகவும் பெரியது மெதுவாகவும் போகும். ஓட எடுத்த நேரத்தை, ஆயிரத்தில் சில பங்கு வினாடி, தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிடும். ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே போதும், பிடித்துவிடும். ஆர்.டி.எக்ஸ். ஆவியாகாவிட்டாலும் பிசுக்காக ஒட்டும் குணமுள்ளது. அதனால்தான் காற்றை விட்டுவிட்டுக் கைப்பிடியையும் ஜிப்பையும் துடைக்கிறார்கள்.

அப்பாவிடம் மருத்துவர் சீட்டைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். மாத்திரை அதன் அட்டையிலேயே இருக்கட்டும். விளக்கு எரிந்தால் கைது என்று பொருளில்லை. புதுத் துணியால் மறுபடி துடைப்பார்கள், பையைப் பிரிப்பார்கள், கேள்வி கேட்பார்கள். அவ்வளவுதான்.

இவ்வளவு செலவழித்து இயந்திரம் வாங்குவதற்கு நாய் போதாதா?
— வாசகர், சேலம்

நாய் அற்புதம்தான். ஆனால் அரைமணி வேலை செய்தால் ஓய்வு கேட்கும். இயந்திரம் பிஸ்கட் கேட்காது.

செருப்பைக் கழற்று, தண்ணீரைக் கொட்டு என்று ஆளுக்கொரு விதி. இதெல்லாம் எங்கிருந்து வந்தது?
— வாசகர், ஈரோடு

ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு. 2001 டிசம்பர் 22 அன்று பாரிஸ்–மயாமி விமானத்தில் ரிச்சர்ட் ரீட் ஷூவில் மறைத்த வெடியைப் பற்றவைக்கப் பார்த்தார். பயணிகளும் பணிப்பெண்களும் அமுக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் எல்லோரும் ஷூவைக் கழற்றியாக வேண்டும் என்பது 2006-இல் வந்து, 2025 ஜூலையில்தான் போனது. பானப் புட்டிகளில் திரவ வெடியைக் கொண்டுபோகும் சதி 2006 ஆகஸ்டில் லண்டனில் பிடிபட்டதன் விளைவு, கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் புட்டி கூடாது என்ற விதி. புட்டியின் கொள்ளளவுதான் கணக்கு. 200 மில்லி புட்டியில் கால்வாசி எண்ணெய் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை.

உடலுக்குள் ஊடுருவாத மில்லிமீட்டர் அலை ஸ்கேனர்கள் பரவியதற்குத் தூண்டுதல், 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் விமானத்தில் உள்ளாடையில் வெடி வைத்திருந்த ஆள். புதிய சி.டி. ஸ்கேனர்கள் மருத்துவமனையில் உள்ளது போலப் பையைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, ஒவ்வொரு துண்டின் அடர்த்தியையும் கணக்கிடுகின்றன. இவை வந்த சில பிரிட்டிஷ் நிலையங்களில் 2 லிட்டர் வரை அனுமதி. ஆனால் திரும்பும் ஊரில் பழைய இயந்திரம் இருந்தால் அந்தப் புட்டி குப்பைத் தொட்டிக்குத்தான். கிளம்பும் இரண்டு நிலையங்களின் விதியையும் பாருங்கள்.

பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போடாதே என்கிறார்கள். வெடிகுண்டு பயமா?
— வாசகி, புதுச்சேரி

தீ பயம். லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் கேபினில் அணைக்க ஆள் உண்டு, சரக்கு அறையில் இல்லை. 100 வாட்-மணி வரை தாராளம்; 160 வரை நிறுவனத்தின் அனுமதியோடு. 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் என்றால் 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுங்கள்: 74. கவலை இல்லை. எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எத்தனை வாட்-மணி என்று காட்ட முடியாவிட்டால் பறித்துவிடுவார்கள்.

எக்ஸ்ரே திரையை நாள் முழுக்கப் பார்ப்பவர் அசந்துபோனால்?
— வாசகர், நாகர்கோவில்

அசந்துபோவார் என்று எதிர்பார்த்துத்தான் ஏற்பாடே. சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவார்கள். ஆயிரக்கணக்கான பைகளில் ஒன்றில்கூட எதுவும் இல்லாதபோது மூளை ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லப் பழகிவிடும். அதற்காக இயந்திரமே அவ்வப்போது நிஜப் பையின் படத்துக்குள் துப்பாக்கியோ குண்டோ இருப்பதுபோல் ஒரு பொய்ப் படத்தைச் செருகும். ஊழியர் பொத்தானை அழுத்தினால் ‘இது சோதனைப் படம்’ என்று காட்டி அதை நீக்கும். அழுத்தாவிட்டால் தவறியது அவர் கணக்கில் பதிவாகும். எண்ணிக்கை கூடினால் மறுபடி பயிற்சி. பொய்ப் படம் போனதும் அதே பையை அவர் இன்னொரு முறை முழுதாகப் பார்க்க வேண்டும். உங்கள் பை மட்டும் காரணமில்லாமல் பெல்ட்டில் நின்றுவிட்டுப் பிறகு நகர்ந்தால், அந்த நேரத்தில் திரையில் இதுவும் நடந்திருக்கலாம்.