பைக் சைலன்சரை மாற்றும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெங்களூரு அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு நாள்தோறும் ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 வண்டியில் வேலைக்குப் போய் வருகிறேன். 2022-ல் வாங்கிய வண்டி. ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்காரர் ஸ்லிப்-ஆன் (பின்பக்கச் சைலன்சரை மட்டும் மாற்றும் வகை) சைலன்சர் ஒன்றைக் காட்டி, "பவர் கூடும், ஈ-மார்க் இருக்கிறது, சத்தத்தைக் குறைக்கும் டிபி கில்லரும் கூடவே தருகிறேன், போலீஸ் தொந்தரவு வராது" என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: கடைக்காரரின் கடைசி வாக்குறுதியை முதலில் எடுத்துக்கொள்வோம், உங்கள் பணம் வீணாவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் அதுதான். வட்டத்துக்குள் ஈ (E) என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்ட அந்த அடையாளம், ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதிமுறைகளின்படி ஒரு குறிப்பிட்ட வண்டி மாடலுக்காக அந்தப் பொருள் சோதிக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. எண் 1 என்றால் ஜெர்மனி, 3 என்றால் இத்தாலி, 9 என்றால் ஸ்பெயின் ஒப்புதல் அளித்தது என்று பொருள். அந்த ஒப்புதல் வேறு மாடலுக்குப் பொருந்தாது. இந்தியச் சாலையில் ஓட்டுவதற்கான அனுமதியாகவும் அதைக் கொள்ள முடியாது. போலிப் பொருள்களிலும் இதே முத்திரையை அடித்துவிடுகிறார்கள் என்பது தனிக் கதை.

நம் நாட்டில் 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்குத் தயாரிப்பு நிலையில் விதிக்கப்பட்ட ஒலி வரம்பு 80 டெசிபல். உங்களுடைய 349 சிசி வண்டியும் இந்த வரம்புக்குள்தான் வருகிறது. வண்டி வேகமெடுத்துக் கடந்து செல்லும்போது ஏழரை மீட்டர் தள்ளி மைக்கை வைத்து இதை அளக்கிறார்கள். ஆகவே, கடை வாசலில் ஆக்சிலரேட்டரைத் திருகி, கைப்பேசிச் செயலியைக் குழாய்க்கு அருகில் நீட்டிக் காட்டும் எண்ணை இந்த வரம்போடு ஒப்பிடவே முடியாது. டெசிபல் கணக்கில் 10 கூடினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். எண்ணில் சிறிதாகத் தெரியும் வேறுபாடு தெருவில் அவ்வளவு சிறிதாக இருக்காது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 182ஏ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, புகை விதிகளை மீறுவது தொடர்பான 190(2) பிரிவு இன்னும் கடுமையானது: அபராதம் 10,000 ரூபாய் வரை போகும், முதல் முறையே ஓட்டுநர் உரிமம் மூன்று மாதத்துக்குத் தகுதியிழக்கவும் அதில் வழி உண்டு. புகைச் சான்றிதழ் கையில் இருந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சோதனையில் சத்தத்தை அளப்பதே இல்லை.

டிபி கில்லர் என்பது குழாயின் வாயில் செருகப்படும் சிறிய துளைக்குழல். பெரும்பாலும் ஒரே ஒரு திருகுதான் அதைப் பிடித்திருக்கும். அது ஓரளவு சத்தத்தைக் குறைக்கும். ஆனால் ஆலன் கீ ஒன்றால் ஒரு நிமிடத்தில் கழற்றக்கூடிய பாகத்தைப் போக்குவரத்துக் காவலர் உங்களுக்குச் சாதகமான ஆதாரமாக எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பவர் விஷயத்துக்கு வருகிறேன். ஏறத்தாழ 20 குதிரைத்திறன் கொண்ட, நிதானமான ஓட்டத்துக்காகவே வடிவமைக்கப்பட்ட எஞ்சினில் பின்பக்கச் சைலன்சரை மட்டும் மாற்றினால், ஓட்டும்போது உணரும் அளவுக்கு எதுவும் கூடாது. சத்தம் கூடுவதைத்தான் பலர் வேகம் கூடியதாக எடுத்துக்கொள்கிறார்கள். எடை குறைவது மட்டும் உண்மையான ஆதாயம். எஞ்சினிலிருந்து சைலன்சர் வரை வரும் பெண்ட் பைப்பையும் சேர்த்து மாற்றும் ஃபுல் சிஸ்டம் என்றால், பிஎஸ்6 புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளில் சிக்கல் பெரிது. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சில வண்டிகளில் பெண்ட் பைப்பிலும், சிலவற்றில் சைலன்சருக்குள்ளேயும் இருக்கிறது. அது போய்விட்டால் புகை விதியையும் மீறியவர் ஆகிறீர்கள். ஆக்சிஜன் சென்சாருக்கான துளை சரியான இடத்தில் இல்லாவிட்டாலோ, இணைப்பில் காற்று கசிந்தாலோ, எஞ்சின் விளக்கு எரியும். ஆக்சிலரேட்டரை விடும்போது பட்பட்டென வெடிச்சத்தம் வரும்.

ஆகவே, தினமும் அலுவலகத்துக்கு ஓட்டும் வண்டிக்கு இதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. மூடிய டிராக்கில் ஓட்டுவதற்காக வாங்குபவர் என்றால் பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெல்டிங் கோடு சீராக, விரல் தடவினால் தடுக்காமல் இருக்க வேண்டும். குழாய்க்குள் வெல்டிங் உருகி வழிந்து முட்டாக நிற்கக் கூடாது. பிராண்ட் பெயர் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கிறதா, உலோகத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வண்டியில் பொருத்தியபின் இருவர் உட்கார்ந்து அமுக்கும்போது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் இடிக்காமலும், சென்டர் ஸ்டாண்ட் தடையின்றி மடங்கியும் இருக்க வேண்டும். உள்ளே அடைத்திருக்கும் கண்ணாடி இழை காலப்போக்கில் எரிந்து சத்தம் கூடும் என்பதால், அதை மாற்றித் தர ஆள் உண்டா என்றும் கேளுங்கள். வாரண்டி முடியாத வண்டி என்றால் சர்வீஸ் சென்டரிடமும், காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கேள்வி: ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறேன். என் 125 சிசி வண்டியின் சைலன்சர் அடியில் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. கம்பெனி சைலன்சர் விலை அதிகம். மெக்கானிக் வேறொன்று மலிவாகப் போடலாம் என்கிறார்.

பதில்: குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி முழுவதும் வெளியேறாமல் சைலன்சருக்குள் தண்ணீராகத் தங்கி, உள்ளிருந்தே துருவை உண்டாக்குகிறது. அடியில் உள்ள சிறு வடிகால் துளை சேற்றால் அடைபட்டால் இது விரைவாகும். கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே எதுவும் உருளாமல், ஓட்டை வெளித்தகட்டில் மட்டும் இருந்தால் பற்றவைத்துச் சில காலம் ஓட்டலாம். உள்தகடு கழன்று கடகடத்தால் கம்பெனி சைலன்சரையே வாங்குங்கள். 80 முதல் 175 சிசி வரையிலான வண்டிக்கு வரம்பு 77 டெசிபல்தான், உள்ளூர்த் தயாரிப்பு அதற்குள் அடங்கும் என்பதற்கு யாரும் உங்களுக்குத் தாள் தரப்போவதில்லை.

கேள்வி: "உங்கள் மாடலுக்குத்தான்" என்று சொல்லி விற்ற சைலன்சர் என் வண்டியில் பொருந்தவே இல்லை. பில் தரவில்லை; பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கிறார்கள். யுபிஐ மூலம் பணம் கொடுத்தேன். (விவேக் நகர் வாசகர்)

பதில்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவும், பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாத நிலையில் 30 நாளுக்குள் பணத்தைத் தரவும் மறுப்பதும் அவ்வாறே. யுபிஐ பதிவையும், கடையோடு நடந்த வாட்ஸ்ஆப் உரையாடலையும் பத்திரப்படுத்துங்கள். பொருந்தாத இடத்தைப் படமெடுத்து வையுங்கள். பொருளை வெட்டியோ வளைத்தோ பொருத்தப் பார்க்காதீர்கள். முதலில் கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதற்குப் பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியலாம். அதுவும் பலிக்காவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.