100 எம்பிபிஎஸ் நெட்டு, படம் மட்டும் ஏன் மங்கல்? - வாசகர் கேள்வி பதில்

கே: சார், வீட்ல 100 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டிருக்கோம். ஃபோன்ல ஸ்பீட் டெஸ்ட் எடுத்தா 90க்கு மேல காட்டுது. ஆனா ராத்திரி 9 மணிக்கு பெட்ரூம் டிவில படம் போட்டா மூஞ்சியெல்லாம் கொழகொழன்னு தெரியுது, அப்பப்போ நின்னு சுத்துது வேற. கேபிள்காரர் 300க்கு மாறிடுங்கன்றார். மாறலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

ப: அவசரப்படாதீங்க சார். எம்பிபிஎஸ்ங்கிறது செகண்டுக்கு எத்தனை மெகாபிட் டேட்டா வருதுங்கிற வேக அளவு. நெட்ஃப்ளிக்ஸ் 1080பிக்கு (ஃபுல் ஹெச்டி படம்) 5 எம்பிபிஎஸ், 4கேக்கு (அதைவிட நாலு மடங்கு புள்ளி உள்ள படம்) 15 இருந்தா போதும்னுதான் சொல்லுது, யூடியூப் 4கேக்கு 20 கேக்குது, அவ்ளோதான். உங்க 100ல வீட்ல நாலு பேர் நாலு ஸ்க்ரீன்ல 4கே பாத்தாலும் மிச்சம் இருக்கும். சிக்கல் தெருவுலேர்ந்து வர்ற ஃபைபர்ல இருக்க வாய்ப்பு கம்மி, ரவுட்டர்லேர்ந்து டிவிக்குப் போற அந்த இருபது அடியிலதான் பெரும்பாலும் கோட்டை விடுறோம். அந்த ஸ்பீட் டெஸ்ட் எங்க நின்னு எடுத்தீங்க, ஹால்லயா? டிவில பிரவுசர் இருந்தா அதுலயே ஃபாஸ்ட் டாட் காம் போட்டுப் பாருங்க, அது நெட்ஃப்ளிக்ஸோட டெஸ்ட், அவங்க சர்வர்லேர்ந்தே இழுத்துக் காட்டும். பிரவுசர் இல்லன்னா ஃபோனை டிவிக்குப் பின்னாடி வச்சு, கதவைச் சாத்திட்டு எடுங்க. நம்பர் எப்படி விழுதுன்னு அப்பப் புரியும்.

நம்ம ஊர்ல ஃபைபர் போட வர்ற பசங்க ஒயர் எந்த ஜன்னல் வழியா வருதோ அங்கயே ரவுட்டரை மாட்டிட்டுப் போயிடுவாங்க, நாமளும் பாக்க அசிங்கமா இருக்குன்னு அதை ஷோகேஸ் உள்ள தள்ளிடுவோம். நடுவுல ரெண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானதுதான், ஆனா சுவர்னா அதுக்கு ஆகாது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை தூரம் போகும், ஆனா அதுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத சேனல் (வைஃபை ஓடுற பாதை) 1, 6, 11ன்னு மூணே மூணுதான், அபார்ட்மென்ட்ல ராத்திரி 9 மணிக்கு மொத்த வீடும் அதுலதான் முட்டி மோதிக்கிட்டு நிக்கும். உங்களுக்கு ராத்திரி மட்டும் மங்குறதுக்கு பாதிக் காரணம் அது. ரவுட்டரை வெளிய எடுத்து கொஞ்சம் உயரத்துல வைங்க, முடிஞ்சா ஒரு லேன் கேபிள் (ரவுட்டர்லேர்ந்து வர்ற நெட் ஒயர்) இழுத்து டிவியோட நேரா சேத்துடுங்க, இதவிட நல்ல வைத்தியம் கிடையாது. நிறைய டிவில லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்க்கு மேல போகாது, அது தெரிஞ்சு பயந்துடாதீங்க, 4கேக்கு அது தாராளம். லேன்ல போட்டும் ராத்திரி மட்டும் படுத்துதுன்னா அப்பதான் கம்பெனிக்காரங்களப் பிடிக்கணும்.

கே: 100 எம்பிபிஎஸ்ங்கிறாங்க, படம் டவுன்லோட் போட்டா 12தான் வருது. ஏமாத்துறாங்களா? (வாசகர், திண்டுக்கல்)

ப: இல்ல. பிளான்ல போட்டிருக்கிறது மெகாபிட், டவுன்லோட்ல காட்டுறது மெகாபைட். 8 பிட் சேந்தா ஒரு பைட். 100ஐ 8ஆல வகுத்தா பன்னெண்டரை. சரியாத்தான் வருது.

கே: 5ஜி ஃபோன், 5ஜி சிக்னல், அப்படியும் ஓடிடி ஆப்ல படம் 480பி தாண்ட மாட்டேங்குது, ஆனா அதே ஃபோன்ல யூடியூப் பளிச்னு இருக்கு. ஏன்? (கல்லூரி மாணவி, நெல்லை)

ப: நெட்டு மேல பழி போட முடியாதும்மா இது. ரெண்டு இடம் பாரு. ஒண்ணு, பிளான். நெட்ஃப்ளிக்ஸ் 2021 டிசம்பர்ல இங்க விலை குறைச்சப்போ மொபைல் பிளான் 149 ரூபாய்னு வச்சாங்க, அதுல 480பிதான் (ஹெச்டிக்கும் கீழ) உச்சம், 5ஜி என்ன 50ஜி வந்தாலும் அதேதான். இன்னொண்ணு, ஆண்ட்ராய்டுல காப்பி அடிக்காம இருக்க வைட்வைன்னு ஒரு பூட்டு இருக்கு, அதுல எல்1 லெவல் இருந்தாதான் பெரிய ஓடிடிங்க ஹெச்டி தருவாங்க, எல்3ன்னா 480பியோட நிறுத்திடுவாங்க. சில விலை கம்மி ஃபோன்ல எல்3தான் இருக்கும், ஃபோன் சாஃப்ட்வேரோட பூட்டை உடைச்சு ரூட் பண்ணாலோ பூட்லோடரைத் திறந்தாலோ எல்1 ஃபோன்கூட எல்3க்கு இறங்கிடலாம். நெட்ஃப்ளிக்ஸ்னா ஆப் செட்டிங்ஸ்லயே பிளேபேக் விவரத்துல இது தெரியும். புது ஃபோன் வாங்குறப்போ கேமரா எத்தனை மெகாபிக்சல்னு கேக்குறோம்ல, இதையும் ஒரு வார்த்தை கேட்டுடு.

கே: 1080பின்னுதான் காட்டுது, ஆனா ராத்திரி சீன் வந்தா கருப்புல கட்டம் கட்டமா, பட்டை பட்டையா தெரியுது. அவங்களே குவாலிட்டியைக் குறைக்கிறாங்களா? (வாசகர், கோவை)

ப: நல்ல கேள்வி. 1080பிங்கிறது புள்ளிங்களோட எண்ணிக்கை மட்டும்தான், ஒவ்வொரு செகண்டுக்கும் எவ்ளோ டேட்டா செலவு பண்றாங்கன்றது வேற கணக்கு. ப்ளூ-ரே டிஸ்க்ல படத்துக்கு மட்டும் 40 எம்பிபிஎஸ் வரைக்கும் இடம் உண்டு, ஸ்ட்ரீமிங்ல அதே 1080பியை 5க்குள்ள அடக்கப் பாக்குறாங்க. அப்போ எதையாவது தூக்கிப் போட்டுத்தான ஆகணும்? கண்ணு கவனிக்காதுன்னு நினைக்கிற இடத்துல கை வைப்பாங்க, இருட்டு, புகை, மழை, கல்யாண சீன்ல பறக்குற பூ, எல்லாம் அடி வாங்கும். டிவியை விவிட் மோட்ல (கலரையும் வெளிச்சத்தையும் தூக்கிக் காட்டுற செட்டிங்) வச்சிருந்தா இன்னும் மோசம், ஒளிஞ்சிருக்க வேண்டிய கட்டத்தையெல்லாம் அது வெளிச்சம் போட்டுக் காட்டும். சினிமா மோடுக்கு மாத்தி ஷார்ப்னஸை நல்லா குறைச்சுப் பாருங்க.

தானா குறையுறதும் உண்டு. படத்தை சில செகண்ட் துண்டுங்களா வெட்டி ஒவ்வொண்ணையும் பல குவாலிட்டில வச்சிருப்பாங்க, பந்தில பரிமாறுறவர் இலையைப் பாத்து அடுத்த கரண்டி போடுற மாதிரி உங்க டிவி போன துண்டு எவ்ளோ சீக்கிரம் வந்துச்சுன்னு பாத்து அடுத்ததைக் கேக்கும். வெளிப்படையா சொல்லியே குறைச்சதும் நடந்திருக்கு, 2020 மார்ச் லாக்டவுன்ல நெட்வொர்க் தாங்காதுன்னு இந்தியாவுல ஓடிடிங்க எல்லாம் மொபைல் நெட்ல 480பிக்கு மேல தர்றதில்லன்னு கொஞ்ச நாள் வச்சிருந்தாங்க.

கே: மேட்ச் பாக்குறப்போ பக்கத்து வீட்ல டிஷ்ல விக்கெட் விழுந்து கத்தி முடிச்சப்பறம்தான் எங்க டிவில பவுலர் ஓடியே வர்றார். ஸ்பீட் கூட்டினா சரியாகுமா? (வாசகர், சென்னை)

ப: ஆகாது சார். சேட்டிலைட் 36,000 கிலோமீட்டர் மேல இருந்தாலும் சிக்னல் ஏறி இறங்க கால் செகண்ட்தான். ஸ்ட்ரீமிங்ல துண்டு தயாராகணும், சர்வருக்குப் போகணும், சுத்தாம ஓட டிவி நாலஞ்சு துண்டு கையிருப்பு வச்சுக்கும், எல்லாம் சேந்து அரை நிமிஷம்கூட ஆகும். ஸ்கோர் ஆப் நோட்டிஃபிகேஷனை மட்டும் ஆஃப் பண்ணி வைங்க, பக்கத்து வீட்டுக்கு நம்மகிட்ட ரிமோட் இல்ல.

கே: 32 இன்ச் டிவி வச்சிருக்கேன். 4கே பிளான் எடுத்தா படம் நல்லா வருமா? (இல்லத்தரசி, கரூர்)

ப: டிவி பெட்டில ஹெச்டி ரெடின்னு போட்டிருக்கா பாருங்கம்மா. போட்டிருந்தா பேனல் பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளிதான், கடைக்காரர் ஃபுல் ஹெச்டி சப்போர்ட் பண்ணும்னு சொன்னது உள்ள வர்ற சிக்னலைப் பத்தி, திரையைப் பத்தி இல்ல, 4கேயோட புள்ளியெல்லாம் அதுல தெரியாது. நான் மேல சொன்ன நெட்ஃப்ளிக்ஸோட 2021 விலைப்படி 4கே பிளான் 649, 1080பி 499, இப்போ 720பி தர்ற பிளான் 199. உங்க டிவிக்கு அந்த 199ஐ ஒரு மாசம் போட்டுப் பாருங்க, ஒரு நேரத்துல ஒரு டிவிலதான் ஓடும், அது பரவாயில்லன்னா அதையே வச்சுக்கலாம்.