ஷார்ஜா பள்ளியில் வேலை: குடும்பத்தைக் கூடவே அழைத்துப் போகலாமா?

கேள்வி: சேலத்தில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். ஷார்ஜா பள்ளி ஒன்றில் 4,500 திர்ஹம் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கணவர், இரண்டு குழந்தைகள், மாமியார் எல்லோரையும் என்னோடு அழைத்துப் போக முடியுமா? ‘விசிட் விசாவில் கூட்டிப் போங்கள், அங்கே ஃபேமிலி விசாவாக மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லி ஏஜென்ட் 1,80,000 ரூபாய் கேட்கிறார்.

பதில்: அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இந்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள், வெளிநாட்டு வேலைக்கென இந்திய அரசு நடத்தும் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் கேட்டதும் பேச்சை மாற்றினால் அவரை விட்டுவிடுங்கள்.

குடும்பத்துக்கு ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்பவர், நீங்கள்தான், ஏஜென்ட் அல்ல. அதற்கு முதலில் உங்கள் குடியிருப்பு விசாவும் எமிரேட்ஸ் ஐடி என்ற அந்நாட்டு அடையாள அட்டையும் கைக்கு வரவேண்டும். அதனால் நீங்கள் முன்னால் போங்கள். விசிட்டில் போய் மாற்றுவது சட்டப்படி முடியும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தாள் குறைந்து விசிட் விசாவின் நாள் தாண்டினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம். அதை நீங்கள்தான் கட்டவேண்டும்.

சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை அழைக்கலாம் என்பது பொது விதி. ஸ்பான்சர் பெண்ணாக இருக்கும்போதுதான் சிக்கல். ஒரு காலத்தில் ஆசிரியை, டாக்டர், நர்ஸ் என்று சில வேலையில் இருந்தால்தான் கணவரை அழைக்க விட்டார்கள். 2019இல், வேலையின் பெயர் முக்கியமில்லை, வருமானம் போதும் என்று அறிவித்தார்கள். அப்படியும் ஷார்ஜா, துபாய் என்று எமிரேட்டுக்கு எமிரேட் நடைமுறை மாறுகிறது, பெண்ணிடம் கூடுதல் சம்பளமும் கூடுதல் தாள்களும் கேட்ட இடங்கள் உண்டு. குழந்தைகளை அழைக்கத் தந்தையின் எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும். மனைவியை அழைக்கும் ஆணுக்கு இல்லாத இந்த அலைச்சல் உங்களுக்கு ஏன் என்று எனக்கும் கோபம் வருகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பள்ளியில் விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ.விடம், ‘இந்தச் சம்பளத்தில் ஷார்ஜாவில் என் கணவருக்கு விசா கிடைக்குமா?’ என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தங்குமிடத்தைப் பற்றியும் கேளுங்கள். ஆசிரியைகள் சேர்ந்து தங்கும் ஷேரிங் அறையைக் காட்டிக் குடும்ப விசா வாங்க முடியாது. முறைப்படி பதிவான வாடகை ஒப்பந்தம் வேண்டும்.

அடுத்தது திருமணச் சான்றிதழ். கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் அங்கே செல்லாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாதிருந்தால் இந்த வாரமே செய்யுங்கள். பிறகு மாநில அரசு, டெல்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என ஒரே தாளுக்கு நான்கு சான்றொப்பம். குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதே வரிசைதான். ஒரே உண்மையை நான்கு பேர் ஏன் உறுதி செய்யவேண்டும் என்று இத்தனை ஆண்டுகளில் எனக்கு யாரும் விளக்கவில்லை. இங்கேதான் தரகர்கள் ‘அப்போஸ்டில்’ முத்திரையைத் தலையில் கட்டுவார்கள். ஓர் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் தங்களுக்குள் ஏற்கும் ஒற்றைச் சான்று முத்திரை அது. அமீரகம் அந்த உடன்படிக்கையில் இல்லை, அங்கே அது போதாது. என்னிடம் வந்த ஓர் ஆசிரியை அப்போஸ்டில் மட்டும் போட்ட சான்றிதழோடு போய் இறங்கி, அதைக் கூரியரில் திரும்ப ஊருக்கு அனுப்பினார். பையனைப் பார்க்காமல் ஒரு பருவம் முழுக்க இருந்தார்.

கணவர் அங்கே வேலை பார்க்கலாம். உங்கள் விசாவில் இருந்தபடியே முதலாளி மூலம் தனியாக ஒர்க் பெர்மிட் எடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

மாமியாருக்குக் குடியிருப்பு விசா உங்கள் சம்பளத்தில் எட்டாது. நீங்கள் செட்டிலான பிறகு விசிட்டில் அழையுங்கள். ஆனால் பாஸ்போர்ட்டில் அவர் பெயர் ஒற்றைச் சொல்லாக, சர்நேம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். 2022 நவம்பர் முதல் அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டோடு விசிட்டில் வருபவர்களை அமீரகம் அனுமதிப்பதில்லை. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இனிஷியல்தானே உண்டு, அதனால் இதில் அதிகம் மாட்டுவது நாம்தான். பெயரைச் சரிசெய்த பிறகு டிக்கெட் போடுங்கள்.