கருவறைக்கு மேல் இருப்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் கோயில் கட்டி 60 ஆண்டுக்கு மேலாகிறது. கருவறைக்கு மேலுள்ள கோபுரத்தில் விரிசல். பழுதுபார்க்க, தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பழைய கட்டடங்களைக் காக்கும் அமைப்பான அமாஃபாவிடம் அனுமதி கேட்டு எழுதுகிறோம். கமிட்டியில் ஒருவர் 'டோம்' என்கிறார், ஒருவர் 'ஸ்பயர்' என்கிறார், 'கோபுரம்' என்றே எழுதலாம் என்கிறார் இன்னொருவர். எது சரி?
- கோயில் செயலாளர், வெருலம்

பதில்: மூன்றும் வேண்டாம், ஐயா. கருவறைக்கு மேல் எழுவது விமானம். வாசலுக்கு மேல் எழுவதுதான் கோபுரம். பேச்சில் இரண்டையும் கோபுரம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். விண்ணப்பத்தில் அப்படி எழுதினால், படிக்கும் அதிகாரி வரைபடத்தில் வாசலைத் தேடுவார். தஞ்சைப் பெரிய கோயிலில் வானளாவ நிற்பது விமானம். 1987இல் கட்டி முடித்த ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் வாசல்மேல் நிற்பது. சந்தேகம் வந்தால் அடியில் போய்ப் பாருங்கள்: நடந்து கடக்க வழி இருந்தால் கோபுரம், மூலவர் இருந்தால் விமானம். உச்சியும் காட்டிக்கொடுக்கும். கோபுரத்தின் நீண்ட கூரைமேல் கலசங்கள் வரிசையாக நிற்கும். விமானத்தில் பெரும்பாலும் ஒற்றைக் கலசம்.

'டோம்' என்றால் உள்ளே குடைவான வளைகூரை. விமானத்தின் தலையில் உருண்டு தெரியும் சிகரத்தை மட்டும் சில கலை வரலாற்று நூல்கள் டோம், கியூப்போலா என்று குறிக்கின்றன. முழு விமானத்துக்கும் அந்தப் பேர் வைத்தால், எஞ்சினியர் வேறொரு கட்டடத்தை நினைத்து மதிப்பீடு போடுவார். 'ஸ்பயர்' ஊசியாகக் கூம்பும் சர்ச் உச்சிக்கு உரியது. 'ஷிகரா' என்று எழுதுவதிலும் கவனம் தேவை. வட இந்திய முறைக் கோயிலில் கருவறைமேல் எழுவது முழுவதுமே ஷிகரம். நம் முறையில் கழுத்துக்கு மேலுள்ள தலைப்பகுதி மட்டும். டர்பன் வட்டாரத்தில் இரு முறைக் கோயில்களும் இருப்பதால் இந்தக் குழப்பம் இங்கே அதிகம்.

ஆகவே 'விமானா' என்றே எழுதி, முதல் முறை மட்டும் 'டவர் ஓவர் த சாங்க்டம்' என்று விளக்கம் சேருங்கள். வரைபடத்திலும் புகைப்படக் குறிப்பிலும் அதே சொல்லே வரவேண்டும். விரிசல் எந்த உறுப்பில் என்பதையும் சொல்லியாக வேண்டும். கீழிருந்து அதிட்டானத்துக்கு பேஸ், சுவருக்கு வால், சுவரின் மேல் விளிம்பாக ஓடும் பிரஸ்தரத்துக்கு என்டாப்லேச்சர், கழுத்துக்கு நெக், அதன்மேலுள்ள சிகரத்துக்கு ஷிகரா, கலசத்துக்கு ஃபினியல்.

சுதை உருவங்களை 'கார்விங்' என்று எழுதிவிடாதீர்கள். அது கல்லிலும் மரத்திலும் செதுக்கியதற்கான சொல். 'மாடல்டு பிளாஸ்டர்' என்று எழுதி, சுண்ணாம்பா சிமென்ட்டா என்பதைக் கட்டாயம் குறியுங்கள். சுண்ணாம்பு வேலையின்மேல் கெட்டி சிமென்ட் பூசினால் உள் ஈரம் வெளியேற வழியில்லாமல் தேங்கி, பழைய பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். எத்தனையோ நல்ல சுதை வேலை இப்படித்தான் அழிந்து போகிறது.

கேள்வி: பழைய வீட்டின் திண்ணை வெராண்டாவா, ஸ்டூப்பா?
- வாசகி, டொங்காட்

பதில்: தூண்கள் தாங்கும் கூரை இருந்தால்தான் வெராண்டா. வீட்டு முகப்பை ஒட்டி உயர்த்திக் கட்டிய தளம் ஸ்டூப். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் திண்ணைக்கு மிக நெருங்கிய சொல் அதுதான். உட்காரத் தனி மேடை கட்டியிருந்தால் 'மேசன்ரி சீட்' என்று சேருங்கள். கதவுக்கு முன்னால் மட்டும் கூரை நீண்டிருந்தால் போர்ச். கூரையும் தளமும் இருந்தால் இரண்டு சொல்லையும் எழுதுங்கள். தகரக் கூரை பிற்பாடு போட்டதென்றால், போட்ட ஆண்டையும் குறிப்பிடுங்கள்.