ப்ளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் விண்கலம் வரைந்துவிட்டேன். ஆர்பிட்டர் என்ற விண்வெளிப் பறப்புப் பாவிப்பு மென்பொருளில் அதைப் பறக்கவிட இனி என்ன செய்ய வேண்டும்? சி++ நிரல்மொழி தெரியாமல் முடியுமா?

நீங்கள் பொறியியல் மாணவராக இருப்பீர்கள் என்றும், படம் வரைந்து முடித்ததால் முக்கால்வாசி வேலை தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். நாகர்கோவிலில் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவன் நான். கோடு இழுப்பதே என் தொழில் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு: விண்கலத்துக்குப் படம் கடைசியில் வரவேண்டியது. முதலில் நிறை, அடுத்து உந்துவிசை, பிறகு அந்த நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்ற கணக்கு. இவை மூன்றும் சரியாக இருந்தால் ஒரு வெறும் பெட்டியைக்கூட நிலவில் இறக்கலாம்.

மார்ட்டின் ஷ்வைகர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆர்பிட்டர், 2021-இல் மூலநிரலோடு திறந்துவிடப்பட்டது. அதில் எந்தக் கலமும் நியூட்டனுக்குக் கட்டுப்பட்டுத்தான் பறக்கும். நான் செய்த கலம் ஒரு நிலவு இறங்கி. இஸ்ரோ மையம் இருக்கும் மகேந்திரகிரி, மாவட்டக் கணக்கில் திருநெல்வேலியைச் சேர்ந்தது என்பது எனக்குத் தெரியும், யாரும் திருத்த வர வேண்டாம். ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கு அது மலைக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான். அங்கே ராக்கெட் எந்திரங்களைச் சோதிக்கிறார்கள் என்று கேட்டே வளர்ந்தவனுக்கு, 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3-இன் விக்ரம் நிலவில் இறங்கியதைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்கவில்லை.

இஸ்ரோ வெளியிட்ட அளவுகளையே எடுத்துக்கொண்டேன். உலாவி வண்டியையும் (ரோவர்) சேர்த்து இறங்கியின் நிறை 1752 கிலோ. தலா 800 நியூட்டன் விசை தரும் எந்திரங்கள் நான்கு. நிலவின் ஈர்ப்பு முடுக்கம் 1.62 என்பதால் முழு நிறையில் எடை ஏறத்தாழ 2838 நியூட்டன். நான்கு எந்திரங்களும் சேர்ந்து தருவது 3200. அதாவது முழு நிறையோடு அந்தரத்தில் நிற்கவே எந்திரங்களின் விசையை 89 விழுக்காடு திறக்க வேண்டும். எரிபொருள் செலவாகி நிறை 1000 கிலோவுக்கு வந்தால் அதே வேலைக்கு 51 விழுக்காடு போதும். இந்த ஒரு கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல் ப்ளெண்டரைத் திறந்திருந்தால், பறக்காத ஒன்றுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்திருப்பேன்.

எந்திரத் திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.பி. எண்ணில் புதியவர்கள் பலர் இடறுகிறார்கள். புத்தகங்கள் அதை வினாடிக் கணக்கில் தரும். ஆர்பிட்டரோ வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று கேட்கும். சி.இ.20 கிரையோஜெனிக் எந்திரத்துக்குச் சுமார் 443 வினாடி என்றால், அதை 9.80665-ஆல் பெருக்கி 4344 என்று எழுத வேண்டும். 443 என்றே எழுதினால் எரிபொருள் பத்து மடங்கு வேகத்தில் தீர்ந்து, சுற்றுப்பாதையை எட்டும் முன்பே தொட்டி காலியாகும்.

அடுத்தது நிலைமத் திருப்புத்திறன், அதாவது கலம் சுழல்வதை எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவு. ஆர்பிட்டர் இதை நிறையால் வகுத்த மதிப்பாக, மூன்று அச்சுகளுக்கும் தனித்தனியாகக் கேட்கும். விக்ரமைப் போல 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.166 மீட்டர் உயரம் கொண்ட பெட்டியாக எண்ணினால், நிமிர்ந்த அச்சுக்கு 0.67-உம் மற்ற இரண்டுக்கும் 0.45-உம் வரும். ஒரு பெட்டிக்குள் நிறை ஒரே சீராகப் பரவியிருக்காது என்று யாராவது ஆட்சேபிக்கலாம். உண்மைதான், ஆனாலும் வேறொரு பெரிய கலத்தின் கோப்பிலிருந்து எண்களை அப்படியே ஒட்டி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். அப்படி ஒட்டிய கலங்கள் சிறு உந்திகளை எவ்வளவு அழுத்தினாலும் நெல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியைப் போலத்தான் திரும்பும்.

ஆர்பிட்டரின் 2016 பதிப்பிலிருந்து கால்களுக்குச் சுருள்வில் விறைப்பும், ஆட்டத்தை அடக்கும் தணிப்பும் கொடுக்க வேண்டியிருக்கிறது. என் அக்கா மகன் தன் பிரதியில் கால்களை மாற்றியமைத்துவிட்டு, "மாமா, கால் பட்ட உடனே வண்டி சாடுதே?" என்று வந்து நின்றான். "எந்த ஊரு எடையைப் போட்ட மக்கா?" என்று கேட்டேன். பூமியின் 9.81-ஐ வைத்துக் கணக்கிட்டிருந்தான். விறைப்பு ஆறு மடங்காகியிருந்தது. நிலவில் ஒரு காலுக்கு விழும் எடை சுமார் 710 நியூட்டன். கால் 5 சென்டிமீட்டர் அமுங்க வேண்டுமென்றால் விறைப்பு மீட்டருக்கு 14,200 நியூட்டன் போதும். எண்ணை மாற்றித் தணிப்பையும் சற்றுக் கூட்டியதும் கலம் அடங்கி உட்கார்ந்தது.

இனி உங்கள் படத்துக்கு வருவோம். ஆர்பிட்டருக்கு, மூன்று அச்சுகளும் வெட்டும் கலத்தின் ஆதிப்புள்ளிதான் நிறை மையம். நீங்கள் தரைமட்டத்தை ஆதிப்புள்ளியாக வைத்து வரைந்திருந்தால், கலம் தன் பாதத்தைச் சுற்றிச் சுழலும். ப்ளெண்டரில் மேல்நோக்கிய அச்சு இசட். ஆர்பிட்டரில் இசட் முன்னோக்கியது, ஒய் மேல்நோக்கியது, அதோடு அச்சு அமைப்பு, ப்ளெண்டரில் உள்ளதன் கண்ணாடிப் பிம்பமான இடக்கை முறையைச் சேர்ந்தது. ஏற்றுமதி செய்யும்போது இதைக் கவனிக்காவிட்டால், பக்கவாட்டில் எழுதிய 'இந்தியா' கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டு நிற்கும். பரப்புகளை ஆக்கும் முக்கோணங்களின் முனை வரிசை தலைகீழானால் சில பரப்புகள் கண்ணுக்கே தெரியாது.

இத்தனை கணக்கும் போட்டு இலவசமாகக் கொடுத்த பிறகு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஒருவர் என் இறங்கியைக் கேப் கனாவரல் ஏவுதளத்தில் நிறுத்திவைத்து, 'எந்திரம் வேலை செய்யவில்லை' என்று எழுதியிருந்தார். பூமியில் அதன் எடை 17,000 நியூட்டனுக்கும் மேல். 3200 நியூட்டனால் அது எப்படி எழும்பும்? இன்னொருவர் என் விளக்கக் கோப்பை நீக்கிவிட்டு அதையே தன் படைப்பாக ஏற்றியிருந்தார். பாராட்டியவர்களும் பொன்னிறத் தகட்டின் பளபளப்பைத்தான் பாராட்டினார்கள். கால்களின் விறைப்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கணினி விளையாட்டில் பாகங்களைக் கோத்தால் இந்தக் கணக்கையெல்லாம் விளையாட்டே போட்டுக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். தவறில்லை, அது போதும் என்றால் அங்கே போகலாம்.

சி++ பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரியாமலும் முடியும். ஆர்பிட்டரோடு சேர்த்துக்கொள்ளும் ஸ்பேஸ்கிராஃப்ட்3 என்ற பழைய மாட்யூல், ஒரு எழுத்துக் கோப்பில் நீங்கள் தரும் நிறை, உந்துவிசை, ஐ.எஸ்.பி., திருப்புத்திறன் ஆகியவற்றைப் படித்துக் கலத்தை உருவாக்கிவிடும். அது 32 பிட் என்பதால் ஆர்பிட்டரின் 64 பிட் பதிப்பில் ஏறாது. 32 பிட் பதிப்பையே நிறுவிக்கொள்ளுங்கள். உங்கள் எண்கள் அதில் ஒழுங்காகப் பறந்த பிறகு, ஆர்பிட்டரின் மாதிரி நிரல்களில் உள்ள ஷட்டில் பி.பி.யைத் திறந்து ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பாருங்கள். அந்த நிரல் சிறியது. கல்லூரியில் சி படித்தவருக்குப் புரியும்.